சோல் பாட்டு, அதாவது 1960களில் அமெரிக்கக் கறுப்பர்கள் வளர்த்தெடுத்த பாட்டு, ஏன் பழசாவதில்லை? மெம்பிஸ் கட்சி, டெட்ராய்ட் கட்சி, கட்சி இல்லாதவர்கள் எல்லாரும் வரலாம்

கீறல்தட்டு:
பத்து நாளாக வீட்டில் ஒரே பாட்டு. ஓடிஸ் ரெடிங்கின் "சிட்டிங் ஆன் த டாக் ஆஃப் த பே". நேற்று ராத்திரி மகள் கேட்டாள், "இந்த ஆள் கடைசியில் வரியை மறந்துவிட்டாராப்பா, ஏன் விசிலடிக்கிறார்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாட்டைச் சேர்ந்து எழுதிய கிட்டார்காரர் ஸ்டீவ் குரோப்பர் சொன்ன கதையும் கிட்டத்தட்ட அதுதான். பாட்டு முடிகிற இடத்தில் ஓடிஸ் வழக்கமாக வாய்க்கு வந்ததைப் பாடி, கத்தி, அமர்க்களம் பண்ணிவிடுவார். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை, விசிலடித்துவிட்டார். அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1967 நவம்பர், டிசம்பரில் மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் பாட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவில் பதிவான பாட்டு. டிசம்பர் 10ஆம் தேதி ஓடிஸ் போன சின்ன விமானம் விஸ்கான்சினில் மொனோனா ஏரியில் விழுந்தது. வயது 26. கூடப் போன பார்-கேஸ் குழுப் பையன்கள் நாலு பேரும் போய்விட்டார்கள், டிரம்பெட் வாசிக்கும் பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். அந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து குரோப்பர் அலைச் சத்தத்தையும் கடற்பறவைச் சத்தத்தையும் சேர்த்து முடித்துக் கொடுத்தார். பாடியவர் இறந்த பிறகு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போன முதல் பாட்டு அது.

சரி, என் கட்சி என்னவென்றால், இந்த இசை இத்தனை வருஷம் நிற்பதற்குக் காரணம் அதில் யாரும் திட்டம் போடாமல் உள்ளே வந்துவிட்ட விஷயங்கள்தான். இதே ஓடிஸ் 1962ல் அந்த ஸ்டுடியோவுக்கு வந்தது ஜானி ஜென்கின்ஸ் என்கிற கிட்டார்காரருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு. ஜென்கின்ஸ் பதிவு சரியாக அமையவில்லை, மிச்சமிருந்த நேரத்தில் டிரைவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதே வருஷம் வேறொரு பாடகருக்கான பதிவின் நடுவே சும்மா வாசித்துப் பார்த்ததுதான் "கிரீன் ஆனியன்ஸ்", அதில் ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. பில் விதர்ஸ் கதை தெரியுமா? விமானத்துக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "ஏய்ன்ட் நோ சன்ஷைன்" பாட்டில் ஓரிடத்துக்கு வரி எழுதாமல் "ஐ நோ, ஐ நோ" என்று 26 தடவை சொல்லி நிரப்பி வைத்திருந்தார், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று. கூட வாசித்தவர்கள் "தொடாதே, இதுவே இருக்கட்டும்" என்றார்கள். இன்றைக்கு யாராவது விடுவார்களா?

மேற்கு2648:
இந்தத் தற்செயல் கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது ஐயா. விசிலடித்தார், வண்டி ஓட்டினார், அழகான கதைகள்தான். ஆனால் அதே பத்து வருஷத்தில் டெட்ராய்ட் நகரத்தில் வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட், கதவு எண் 2648, ஒரு சாதாரண வீட்டிலிருந்து ஒருத்தர் பாட்டுத் தொழிற்சாலையே நடத்தினார். பெர்ரி கோர்டி. லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் அசெம்ப்ளி லைனில் நின்றவர், 1959ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோடவுன் நிறுவனத்தைத் தொடங்கினார். கார் ஒரு முனையில் வெறும் சட்டமாக நுழைந்து மறுமுனையில் பளபளவென்று வெளியே வருகிற மாதிரி, தெருவில் திரிந்த பிள்ளைகள் உள்ளே போய் நட்சத்திரங்களாக வெளியே வந்தார்கள். எப்படி நடப்பது, எப்படிப் பேட்டி கொடுப்பது என்பதற்குக்கூட ஆள் வைத்துப் பாடம் எடுத்தார்கள்.

வாராவாரம் கூட்டம் போட்டு ஓட்டெடுப்பு. கோர்டி கேட்கும் கேள்வி பிரசித்தம்: பசியோடு இருக்கிறாய், கையில் ஒரே ஒரு டாலர், இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? அதில் தேறியதுதான் வெளியே போகும். சுப்ரீம்ஸ் குழு 1964, 65ல் அடுத்தடுத்து ஐந்து பாட்டு முதலிடம். ஐந்தும் தற்செயலா?

கீறல்தட்டு:
அந்த ஓட்டெடுப்பில் தேறாமல் போன பாட்டைப் பற்றியும் சொல்லுங்களேன். மார்வின் கே பாடிய "ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்" 1967லேயே பதிவாகிவிட்டது. கோர்டிக்குப் பிடிக்கவில்லை, மூலையில் போட்டார்கள். அதே பாட்டை கிளாடிஸ் நைட் வேறு மாதிரி பாடி அது ஓடியது. மார்வினுடையது 1968 கடைசியில்தான் தனித் தட்டாக வந்தது, ஏழு வாரம் முதலிடம். தர சோதனை லட்சணம் அது.

மேற்கு2648:
ஒரு பிழையைக் காட்டி ஆலையையே மூடச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

தாளக்கட்டு:
இருவரும் சண்டை போடுங்கள், நடுவில் நான் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெல்லிசைக் குழுவில் 15 வருஷமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் பிழைப்பு கிளிக்கோடு. காதில் டிக் டிக் என்று ஓடும், அதன் மேல் அடி விழவேண்டும், முன்னே போனாலும் பின்னே போனாலும் கீபோர்டுக்காரர் முறைப்பார்.

கொரோனா சமயத்தில் கச்சேரி ஒன்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து, வில்சன் பிக்கெட் பாடிய "இன் த மிட்நைட் அவர்" பாட்டை எடுத்து ஸ்டாக்ஸ் டிரம்மர் அல் ஜாக்சன் வாசித்ததை அப்படியே வாசிக்கப் பார்த்தேன். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை, பள்ளிக்கூடப் பையன் வாசிப்பான். வாசித்தால் வரவில்லை. இரண்டாம் எண்ணிக்கையிலும் நாலாம் எண்ணிக்கையிலும் விழவேண்டிய ஸ்நேர் டிரம் அடி ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது. வேகம் குறையவில்லை, அதுதான் சூட்சுமம். பாட்டு தன் வேகத்தில் போகிறது, அடி மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறது. நான் தள்ளி அடித்தால் பாட்டே இழுத்தது. கிளிக்கை அணைத்தால் எனக்குக் கை நடுங்கியது.

இது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1965 மே மாதம் அந்தப் பதிவுக்கு நியூயார்க்கிலிருந்து வந்திருந்த அட்லாண்டிக் பாட்டுக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர், இளசுகள் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து ஆடிக் காட்டினாராம். இடுப்பு எப்போது வெட்டுகிறதோ அங்கே அடி. ஜாக்சனும் குரோப்பரும் அவர் இடுப்பைப் பார்த்துச் சேர்ந்து வாசித்தார்கள். யோசித்துப் பாருங்கள், தாளத்தை எண்ணி வாசிக்கவில்லை, நடுத்தர வயது முதலாளி ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள்! கீறல்தட்டு சொல்கிற தற்செயலா, மேற்கு சொல்கிற திட்டமா? எனக்குத் தெரிந்து இரண்டும் இல்லை. அன்றாடம் ஒரே அறையில் ஒரே ஆட்கள் வாசித்ததால் வந்த வசதி அது. டெட்ராய்ட்டிலும் தினமும் அதே ஆட்கள்தானே?

அரைத்தூக்கம்:
நல்லாயிருக்கு எல்லாம். ஆனால் ஒருவரும் துட்டு பற்றிப் பேசவில்லை. பாட்டுகள் தானாக நிற்பதில்லை, நிறுத்தப்படுகின்றன. 1985 கடைசியில் இங்கிலாந்தில் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்று, சலவைக் கடையில் ஒரு பையன் பேன்ட்டைக் கழற்றி மெஷினில் போடுவான், பின்னணியில் நீங்கள் சொன்ன அதே கிரேப்வைன் பாட்டு. மறுவருஷம் மார்வின் கே மறுபடி அங்கே முதல் பத்துக்குள். அடுத்த விளம்பரத்தில் சாம் குக், அதுவும் மேலே ஏறியது. 1987ல் பென் ஈ. கிங் முதலிடம், பெர்சி ஸ்லெட்ஜ் இரண்டாமிடம். இருபது வருஷப் பழைய பாட்டுகளை ஜீன்ஸ் கம்பெனி தூக்கி நிறுத்தியது. அப்புறம் ஹிப்ஹாப்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள், சினிமாக்காரர்கள் கல்யாண சீனுக்கு ஒன்று, சாவு சீனுக்கு ஒன்று என்று போட்டார்கள். காதில் ஐம்பது வருஷம் விழுந்துகொண்டே இருந்தால் எதுவும் அமரகாவியம்தான்.

மழைஊர்:
அரைத்தூக்கம் அண்ணை, நான் 84இல் இருந்து மான்செஸ்டரில். நீங்கள் சொன்ன விளம்பரம் வந்த நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் விளம்பரமே இல்லாமல், ஒருவரும் வாங்காமல், கம்பெனியே கைவிட்ட தட்டுகளை வைத்து இந்த ஊர்ப் பெடியள் செய்த கூத்தை நீங்கள் கேள்விப்படவில்லை போல.

நான் முதன்முதல் வேலை செய்த பேக்கரியில் இரவு ஷிஃப்டில் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். கையில் எப்பவும் ஒரு பை, அதுக்குள் துவாய், மாற்றுச் சட்டை, டால்கம் பவுடர் டின். எனக்கு விளங்கவில்லை, குழந்தைப் பிள்ளைக்கு வாங்கினதோ என்று கேட்டேன். பவுடர் தரையில் போட்டு ஆடுவதற்காம், கால் வழுக்கிச் சுழல வேண்டும். அவன் சொல்லித்தான் விகன் ஊரிலிருந்த விகன் கசினோ என்ற ஆட்டக் கூடம் பற்றித் தெரியும். 1973 முதல் 81 வரை, இரவு இரண்டு மணிக்குத் திறந்து காலை எட்டு வரைக்கும் ஆட்டம். நான் வரும் முன்னமே மூடிவிட்டார்கள், அவன் மூடி மூன்று நாலு வருஷம் ஆகியும் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. இரும்பாலை, பஞ்சாலை, சுரங்கம் என்று வேலை செய்த பிள்ளைகள் சனிக்கிழமை இரவுக்காக வாழ்ந்திருக்கிறார்கள்.

அங்கே ஓடினது எல்லாம் அமெரிக்காவில் தோற்ற தட்டுகள். குளோரியா ஜோன்ஸ் பாடி 1965இல் வந்த "டெயின்டெட் லவ்" அங்கே ஒருவரும் சீண்டாத பாட்டு. இங்கே ஆடி ஆடி, 1981இல் சாஃப்ட் செல் குழு திரும்பப் பாடி முதலிடம். ஃபிராங்க் வில்சன் என்பவரின் ஒரு தட்டு, மோடவுன் கம்பெனி 1965இல் அடித்துவிட்டு வெளியிடாமலே அழித்தது, தப்பினது ஒரு சில பிரதி. 2009இல் ஒன்று 25,000 பவுணுக்கு மேல் போனது. மேற்கு2648, உங்கள் ஓட்டெடுப்பில் தோற்றதுகளை நாங்கள்தான் எடுத்து வளர்த்தோம், நன்றி சொல்லத் தேவையில்லை :)

மேற்கு2648:
சரி ஐயா, ஆலைக்கு வெளியே குப்பைத் தொட்டியும் நல்லதாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை:
இவ்வளவு நேரம் பேசியதில் பாடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேளம், கம்பெனி, ஏலத்தொகை. கொஞ்சம் ஒதுங்குங்கள்.

"ரெஸ்பெக்ட்" ஓடிஸ் ரெடிங் எழுதி 1965ல் பாடியது. உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் புருஷன், கொஞ்சம் மரியாதை கொடு என்று கேட்கிற பாட்டு. அவர் பாடினால் கேட்கக் கேட்கக் கெஞ்சல் மாதிரி இருக்கும், பாவம். 1967 பிப்ரவரி 14ஆம் தேதி நியூயார்க்கில் அரீதா ஃபிராங்க்ளின் அதையே பாடினார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்வது ஓடிஸிடம் கிடையாது, அது அரீதா சேர்த்தது. கோரஸ் பாடியவர்கள் அவருடைய தங்கை கரோலின், அக்கா எர்மா. அவ்வளவுதான் மாற்றம், ஆனால் பாட்டு வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது. அதே வருஷம் ஜூனில் மான்டரே இசை விழா மேடையில் ஓடிஸே சிரித்துக்கொண்டு, ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு இது என்கிற மாதிரி சொல்லித்தான் பாடினார்.

இது எங்கிருந்து வருகிறது? அரீதாவின் அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர், அவர் பிரசங்கங்களே தட்டாக விற்றவை. அந்தச் சபைகளில் போதகர் ஒரு வரி சொன்னால் சனம் பதில் சொல்லும், கைதட்டும், எழுந்து நிற்கும். சபை பதில் சொல்லாவிட்டால் பிரசங்கம் பாதியில் நிற்கிற மாதிரி. அரீதா அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார், சபை இருந்த இடத்தில் அக்காவும் தங்கையும். ரே சார்ல்ஸ் 1954லேயே ஒரு பக்திப் பாட்டின் மெட்டில் காதல் வார்த்தை போட்டுப் பாடி ஊழியக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், அங்கிருந்து ஆரம்பித்த வழி இது. அறுபது வருஷம் கழித்து நான் சமையல்கட்டில் ஆங்கிலம் பாதி புரியாமல் அந்தக் கோரஸுக்குப் பதில் சொல்கிறேன், குக்கர் விசில் உட்பட. எனக்கு ஜீன்ஸ் கம்பெனி சொல்லித்தரவில்லை.

இன்னொன்று. அதற்கு முன் அரீதா கொலம்பியா கம்பெனியில் ஆறேழு வருஷம் இருந்தார், நல்ல நல்ல பாட்டுகள், பெரிதாக ஒன்றும் எடுபடவில்லை. 1967 ஜனவரியில் வெக்ஸ்லர் அவரை அலபாமாவில் மசுல் ஷோல்ஸ் என்கிற சின்ன ஊருக்குக் கூட்டிப்போய்ப் பியானோ முன்னால் உட்கார வைத்தார். வாசித்தவர்கள் அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள். ஒரு பாட்டு முடிந்தது, இரண்டாவது பாதியில் நின்றது, அரீதாவின் கணவருக்கும் அங்கிருந்தவர்களுக்கும் சண்டை முற்றி மறுநாள் கிளம்பிவிட்டார்கள். அந்த ஒரே பாட்டு போதுமாக இருந்தது. அவரையே பியானோ வாசிக்க விட்டதுதான் வித்தியாசம் என்பது என் எண்ணம். தனக்குப் பதில் எங்கே வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

தாளக்கட்டு:
வெள்ளிக்கிழமை, "பதில்" என்று சொன்னீர்களே, அதுதான் நான் தேடிய வார்த்தை. குரோப்பர் கிட்டார் வாசித்ததும் அப்படித்தான். பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் இரண்டு சுரம்.

மூன்றாம்வரிசை:
படித்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "வெள்ளைக்காரப் பையன்கள் வாசித்தார்கள்", "ஒரே அறையில் ஒரே ஆட்கள்" என்று இனிப்பாகப் போகிறது, கொஞ்சம் காரமும் இருக்கட்டும்.

ஸ்டாக்ஸ் இருந்தது மெம்பிஸில் மக்லமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா கொட்டகை, சாய்தளத் தரைகூட அப்படியே. நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட் என்கிற வங்கிக் குமாஸ்தாவும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும், இருவரும் வெள்ளையர்கள். மிட்டாய்க் கடை இருந்த இடத்தில் அக்கா தட்டுக் கடை போட்டார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று அங்கிருந்தே தெரிந்துகொண்டார். வாத்தியக் குழுவில் இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். உள்ளே எல்லாம் சரி, வெளியே அந்த நாலு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார ஊரில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. சேர்ந்து உட்கார முடிந்த சில இடங்களில் ஒன்று லொரெய்ன் மோட்டல், கறுப்பர் நடத்தியது. தாளக்கட்டு சொன்ன மிட்நைட் அவர் அங்கே எழுதியதுதான். "நாக் ஆன் வுட்" பாட்டையும் குரோப்பரும் எடி ஃபிளாய்டும் அங்கேதான் எழுதினார்கள், இடியும் மழையுமான ஒரு ராத்திரி, பாட்டிலும் இடி மின்னல் வருகிறது.

1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அதே லொரெய்ன் மோட்டல் மாடியில். ஓடிஸ் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதே சமயத்தில்தான் இன்னொன்றும் தெரியவந்தது: 1965ல் ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, அட்லாண்டிக் விநியோகித்த அத்தனை ஸ்டாக்ஸ் பதிவுகளும் அட்லாண்டிக்குக்கே சொந்தம். இன்னொரு தடவை எழுந்தார்கள், பாடகர் ஐசக் ஹேஸ் வந்தார், 1972ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு டாலர் டிக்கெட்டில் லட்சம் பேருக்கு மேல் கூட்டிக் கச்சேரி நடத்தினார்கள். 1975 கடைசியில் திவால். 1989ல் கொட்டகையை இடித்து மண்ணாக்கினார்கள். இப்போது அதே இடத்தில் அருங்காட்சியகம் என்று புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், சாய்தளத் தரையையும் சேர்த்து. அந்தப் பாட்டுகளில் சந்தோஷம் மட்டும் கேட்கிறவர்கள் அந்தச் சந்தோஷத்துக்குச் சுவர் எவ்வளவு மெலிசு என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அரைத்தூக்கம்:
மூன்றாம்வரிசை எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. துட்டு பற்றி நான் சொன்னது தப்பில்லை, ஆனால் துட்டு யாருக்குப் போனது என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. ஒரே அறை, ஒரே ஆட்கள், அதுதான் காரணம் என்றால் இன்றைக்கு நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் வந்துவிடுமா?

கீறல்தட்டு:
கொஞ்சம் வந்தது. புரூக்ளினில் டாப்டோன் என்று சின்னக் கம்பெனி, கம்ப்யூட்டர் வேண்டாம், டேப்தான் என்று பிடிவாதம். அவர்களுடைய பாடகி ஷேரன் ஜோன்ஸ், ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்தவர், கறுப்பு, குள்ளம், குண்டு, வயதாகிவிட்டது என்று பாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் முழு ஆல்பம் 2002ல், நாற்பதுகளில். 2016ல் புற்றுநோயில் போய்ச் சேரும் வரை மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார். அவருடைய குழுவைத்தான் இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் தன் "பேக் டு பிளாக்" ஆல்பத்தில் பாதிக்கு வாசிக்கவைத்தார். ஆக, தற்செயல் என்ற என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். விசில் யாருக்கும் வரும். வந்தபோது "இருக்கட்டும்" என்று சொல்ல எதிரே காது தேர்ந்த ஒருத்தர் உட்கார்ந்திருக்கவேண்டும்.

புதுஇயர்ஃபோன்:
எனக்கு 22 வயது, இதில் பாதிப் பெயர் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை:
அல் கிரீன், "லெட்ஸ் ஸ்டே டுகெதர்". அவ்வளவு சின்னக் குரலில் பாடுவார், நீ கிட்டே போய்த்தான் கேட்கவேண்டும்.

மழைஊர்:
உட்கார்ந்து கேட்காதே தம்பி, ஆடு. வேறு ஒன்றும் இல்லை.

மேற்கு2648:
1971ல் வந்த மார்வின் கே பாட்டு, "வாட்ஸ் கோயிங் ஆன்". இயர்ஃபோன் இருக்கிறது அல்லவா, குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போ. வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் தட்டுவார். அதுவரை பத்து வருஷமாக எங்கள் ஆலையின் நூற்றுக்கணக்கான பாட்டில் அவர் வாசித்திருக்கிறார், உறையில் பெயர் கிடையாது. இந்தப் பாட்டு வந்த இதே பெயர் ஆல்பத்தில்தான் குழுவினர் பெயர்களைப் போட்டார்கள். மறுவருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது, டெட்ராய்ட்டில் மற்ற வாத்தியக்காரர்கள் பலர் வழக்கம்போல் வேலைக்கு வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. ஆலையைப் புகழ்ந்தவன் இதையும் சொல்லவேண்டும்.

புதுஇயர்ஃபோன்:
கேட்டேன். மூன்று தடவை. முதல் தடவை அந்த பேஸ் எங்கே என்றே தெரியவில்லை, மூன்றாவது தடவை வேறெதுவும் கேட்கவில்லை.

தாளக்கட்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், இழை இன்னும் திறந்திருக்கிறதே. போன ஞாயிறு ஒத்திகையில் எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் கிளிக்கை அணைத்துவிட்டு அந்த மிட்நைட் அவர் அடியைப் போட்டேன். பேஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா தூங்கிட்டியா, இழுக்குது" என்றார். கீபோர்டுக்காரர் வழக்கம்போல் முறைப்பு. எங்கள் கிட்டார்காரர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்து, என் இடது கையையே பார்த்துக்கொண்டு, நான் அடிக்கும்போதெல்லாம் கிட்டாரில் ஒரு கார்டு (சுரக்கூட்டு) வெட்டினார். ஏழெட்டுச் சுற்று ஓடியிருக்கும். அதில் இரண்டு அடி சரியாக விழுந்தது. எந்த இரண்டு என்று இருவருக்குமே தெரிந்தது. வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறார்.